சர்க்கரை கேட்ட முழங்கால்

— சத்தியமாச் சொல்றேன், இதுல ஒரு வார்த்தை பொய் இருந்தா என் நாக்கு அழுகிப் போகட்டும். மேல சொல்லட்டுமா, வேண்டாமா?

— உங்க நாக்கு அழுகறதா இருந்தா, கல்யாணத்துக்கு முன்னாடி எங்க அப்பாகிட்ட பஸ்ஸைப் பின்பக்கமாவே மலை ஏத்தினேன்னு சொன்னீங்களே, அன்னிக்கே அழுகியிருக்கணும்.

— அது நடந்தது. முன் கியர் ஒண்ணுகூட விழல. ரிவர்ஸ்லயே ஏத்தினேன். பயணிங்க எல்லாரும் விட்டுட்டு வந்த ஊரையே பாத்துக்கிட்டு வந்தாங்க. ஒருத்தர்கூட குறை சொல்லல.

— ஆமா ஆமா. மெதுவாப் பேசுங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேக்கும்.

— கேக்காது. அது எவ்வளவு தடிக் கண்ணாடி தெரியுமா? காத்துகூட வடிகட்டித்தான் உள்ள போகுது. அந்தப் பொண்ணைப் பாரு. நீலக் கையுறையை மாட்டிக்கிட்டு, கையுறைக்கு மேலயே ஸ்பிரிட்டைத் தெளிச்சுக்குது. இதோட நாலாவது தடவையோ அஞ்சாவது தடவையோ. எதுக்குன்னு யோசிச்சியா?

— கிருமி உள்ள போயிடக் கூடாதுன்னு.

— உள்ள போயிடக் கூடாதுன்னா, வெளிய வந்துடக் கூடாதுன்னா?

— ஏங்க, இன்னும் கொஞ்ச நேரத்துல என்னை உள்ள தள்ளிட்டுப் போகப் போறாங்க. இடுப்புல பேனாவால கோடு போட்டு வச்சிருக்காங்க. ஆயுசு பூரா ஊரார் துணியில நான் சாக்பீஸால கோடு போட்டேன், இப்ப என் தோல்லயே போட்டுட்டாங்க. இந்த நேரத்துலயா உங்க கதை?

— கதைன்னா வீட்டுலயே சொல்லியிருப்பேன். இது கதை இல்ல. உன் இடுப்புல வைக்கப் போறாங்களே அந்த எலும்புக்கூழ், அதே கூழைத்தான் போன வருஷம் என் முழங்கால்ல வச்சாங்க. ஒரே ஜாடி. அந்த ஜாடியிலருந்துதான் எல்லாருக்கும் எடுக்கிறாங்க.

— தெரியும். டாக்டரம்மா படம் போட்டே காட்டினாங்க. பவளம் மாதிரி துளைத்துளையா ஒரு சட்டம் செய்வாங்களாம். அந்தத் துளையில எல்லாம் உயிரணுவைக் குடி வைப்பாங்களாம். கொஞ்ச நாள்ல அது எலும்பாயிடுமாம்.

— குடி வைப்பாங்க, சரி. குடி வந்தது ஒழுங்கா வாடகை குடுத்துட்டு இருக்குமா, வீட்டையே எழுதி வாங்கிக்குமான்னு சொன்னாங்களா?

— என்னங்க பேச்சு இது?

— கேளு. இது ஆஸ்பத்திரி இல்ல. பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்கூடம். கீழ் மாடியில இரும்பை உடைச்சு உடைச்சுப் பாக்கறாங்க. மேல் மாடியில எலும்பை வளத்து வளத்துப் பாக்கறாங்க. பாக்கறதுதான் இவங்க வேலை. பாத்துட்டு என்ன செய்யறதுன்னு இவங்களுக்கே இன்னும் முடிவாகல.

— என் இடுப்பெலும்பு ரத்தம் ஏறாம செத்துக்கிட்டிருக்கு. அடுத்த மழைக்குள்ள சக்கர நாற்காலிதான்னு மூணு டாக்டர் சொல்லிட்டாங்க. குளியலறைக்குப் போக உங்க தோள் வேணும். எழுந்து வர உங்க தோள் வேணும். எனக்கு மட்டும் ஆசையா இங்க வந்து படுக்க? பயத்துல காலைலருந்து தொண்டையில தண்ணிகூட இறங்கல.

— குடிக்கக் கூடாதுன்னுதானே சொல்லியிருக்காங்க.

— குடிக்கலாம்னு சொல்லியிருந்தாலும் இறங்கியிருக்காது. சொல்லுங்க, என்ன நடந்தது? பாதியில விட்டா எனக்கு இன்னும் பயமா இருக்கும்.

— முதல்ல கிளட்ச்.

— என்ன கிளட்ச்?

— என் இடது முழங்கால் தேஞ்சதே கிளட்சை மிதிச்சு மிதிச்சுத்தானே? கூழ் வச்சு, கட்டுப் பிரிச்சு, நான் பாட்டுக்கு சோபாவுல உக்காந்திருக்கேன். வெளிய மேட்டுல ஒரு லாரி திணறுது. என் இடது கால் தானா நீண்டு தரையை ஒரு மிதி மிதிச்சுது. லாரிக்கு கியர் விழுந்து ஏறிப் போச்சு.

— உங்க காலாலதான் லாரி ஏறிச்சா?

— நான் அப்படிச் சொல்லல. நடந்ததை நடந்த வரிசையில சொல்றேன்.

— அப்ப தூக்கத்துல நீங்க என்னை உதைக்கிறது? என் கெண்டைக்கால் நீலம் பாரிச்சுக் கிடக்கே.

— நான் உன்னை உதைப்பேனா? அது கியர் மாத்துது.

— சிரிப்பு வரலைங்க.

— எனக்கும் வரல. அடுத்தது இதே அறையில நடந்தது. மாசாமாசம் பரிசோதனைக்கு வருவோம்ல, இதே நாற்காலிங்கதான். எனக்கு இந்தப் பக்கம் ஒரு பேக்கரிக்காரர். அவருக்கு முழங்கையில கூழ். அதுக்கு அடுத்து ஒரு பள்ளிக்கூட வாட்ச்மேன். அவருக்குத் தோள்ல. ஒருத்தருக்கொருத்தர் முன்னப்பின்ன பழக்கமில்ல. அவரவர் பாட்டுக்கு சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். திடீர்னு என் முழங்கால் மடங்கிச்சு. அதே நேரம் பேக்கரிக்காரர் முழங்கை நாற்காலிக் கையில ஊனிச்சு. அதே நேரம் வாட்ச்மேன் தோள் முன்னால சாஞ்சுது.

— அதுக்கென்ன? ஒருத்தர் கொட்டாவி விட்டா பக்கத்துல இருக்கிறவரும் விடறதில்லையா?

— கொட்டாவி விட்டா வாய் மூடிக்கும். எங்களுக்கு எதுவும் பழைய இடத்துக்கு வரல. அப்படியே நிக்குது. மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கறோம். எதிர் சுவத்துக் கண்ணாடியில எங்க நிழல் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து தெரிஞ்சுது. மூணு ஆள் மாதிரி இல்ல. யாரோ ஒரே ஆள் எழுந்திருக்கப் பாக்கற மாதிரி இருந்துச்சு.

— ஐயோ.

— உள்ள யாரோ ஜாடி மூடியைத் திறந்து மூடினாங்க. டக்குனு எல்லாம் இறங்கிடுச்சு. வாட்ச்மேன் ‘இன்னிக்கு வெயில் அதிகம்’னார். அடுத்த மாசத்துலருந்து அவர் வர்றதே இல்ல.

— உங்களுக்கு வேர்க்குதுங்க.

— ஏசி போட்ட அறையில எப்படி வேர்க்கும்?

— அதைத்தான் நானும் கேக்கறேன். இந்தாங்க, துண்டை வச்சுத் துடைங்க. அவ்வளவுதானே? முடிஞ்சுதா?

— சர்க்கரை டப்பா காலியானது ஞாபகம் இருக்கா?

— எந்த டப்பா?

— வருஷக் கடைசியில, எல்லா இடத்துலயும் லீவு விட்டிருந்தப்ப. புதுசா வாங்கி நிரப்பி வச்ச டப்பா.

— ஆமா. எறும்பு தூக்கிட்டுப் போயிடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? நானும் அலமாரியைக் கவுத்துப் போட்டுத் துடைச்சேன். ஒரு எறும்பையும் காணோம்.

— எறும்பு இல்ல. நான்தான். டீயில அரை ஸ்பூன் கூடிட்டாலே முகம் சுளிக்கிற ஆளு நான். அன்னிக்கு அடுப்படியில நின்னபடியே ஸ்பூனால அள்ளி அள்ளித் தின்னேன். வாய்க்கு வேண்டாம். வயித்துக்கு வேண்டாம். ஆனா முழங்கால் சில்லிட்டுப் போய் ‘இன்னும், இன்னும்’னு இழுக்குது. அந்த ஜாடிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரோஸ் கலர் தண்ணி ஊத்துவாங்க. சர்க்கரை கரைச்ச தண்ணி. அதுதான் அதுக்குச் சாப்பாடு. லீவுல ஊத்த வேண்டியவங்க மறந்துட்டு ஊருக்குப் போயிட்டாங்க. அங்க அதுக்குப் பசி. இங்க எனக்கு.

— அந்த டப்பாவை நான் என் கையால நிரப்பினேன்.

— அதான் சொல்றேன்.

— ஏங்க, என் கையைப் பிடிச்சுக்கங்க. சும்மா பிடிங்க. இதை ஏன் அன்னிக்கே டாக்டரம்மாகிட்ட சொல்லல?

— சொன்னா என்ன செய்வாங்க? ‘அப்படியா, ரொம்ப சுவாரசியமா இருக்கே’ன்னு சொல்லி இன்னொரு ஊசி குத்துவாங்க. போன மாசம் வந்தப்ப அந்தக் கண்ணாடிக்குத் திரையை இறக்க மறந்துட்டாங்க. நான் எட்டிப் பாத்தேன்.

— வேண்டாம். சொல்லாதீங்க.

— சரி, சொல்லல.

— என்ன பாத்தீங்க?

— ஜாடிக்குள்ள கூழா இல்ல. உருவமா இருந்துச்சு. வெள்ளையா, துளைத்துளையா, ஒரு முழங்கால் சில்லு. அதுல ஒரு பக்கம் பிறை மாதிரி ஒரு வெட்டு. பஸ்ஸோட பானட் விழுந்து என் முழங்கால்ல பட்ட வெட்டு இருக்கே, அதே வெட்டு. அதுக்குப் பக்கத்துல ஒரு முழங்கை. அதுக்கு மேல ஒரு தோள் குண்டு. ஒண்ணோட ஒண்ணு நூல் நூலா ஒட்டிக்கிட்டு மிதக்குது. நான் நின்ன இடத்துல நகராம நிக்கறேன். அந்தச் சில்லு மெதுவாத் திரும்பிச்சு. என் கால் கூடவே திரும்பிச்சு.

— போதும்.

— எல்லாம் வந்துடுச்சு அதுக்கு. ஒண்ணே ஒண்ணுதான் இல்ல.

— எது?

— இடுப்பு. இடுப்பு இல்லாம எதுவும் எழுந்து நிக்க முடியாது.

— என் செருப்பு எங்க?

— பையில இருக்கு. இந்தா, காலை நீட்டு, நானே மாட்டி விடறேன்.

— இந்தப் பச்சை அங்கியோடவா வெளிய போறது?

— மேல என் சட்டையைப் போட்டுக்கோ. லிஃப்ட் வரைக்கும்தானே. கீழ டாக்சி நிக்குது.

— டாக்சியா?

— ஆமா. கதவைத் திறந்தே வச்சிருக்கச் சொல்லியிருக்கேன்.

— எப்ப சொன்னீங்க?

— இப்பத்தான்.

— இப்ப நீங்க இந்த நாற்காலியை விட்டு அசையவே இல்லையே. நம்மளை இறக்கி விட்ட அதே டாக்சியா? போகாம நில்லுன்னு சொல்லிட்டுத்தான் மேல வந்தீங்களா?

— வெயிட்டிங்ல நின்னா குறைச்சுத்தான் கேப்பான்னு ஒரு இதுல...

— என் மூஞ்சியைப் பாத்துப் பேசுங்க. உள்ள வரும்போதே என்னைத் திருப்பிக் கூட்டிட்டுப் போறதா முடிவு பண்ணிட்டு, அதுக்கு அளவெடுத்துத் தைச்சிருக்கீங்க இந்தக் கதையை. கிளட்ச், ஜாடி, தோள் குண்டு. தையல்கூட வெளிய தெரியாம தைச்சிருக்கீங்க.

— சர்க்கரை டப்பா?

— சர்க்கரை உங்களுக்குத் திருட்டுத்தனமாப் பிடிக்கும்னு எனக்கு எப்பவோ தெரியும். உங்களுக்கு என்னதான் பயம்? வெளிப்படையாச் சொல்லித் தொலைங்களேன்.

— எனக்கென்ன பயம்.

— சொல்லுங்க.

— நேத்து அந்த மயக்க மருந்து டாக்டர் வந்தார்ல. ‘பொதுவா எல்லாரும் எழுந்துடுவாங்க’ன்னார். பொதுவான்னா என்ன வார்த்தை அது? நான் பஸ்ஸை எடுக்கறதுக்கு முன்னாடி ‘பொதுவா பிரேக் பிடிக்கும்’னு சொல்லியிருந்தா ஒருத்தன் ஏறியிருப்பானா?

— அவர் எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லுவார்.

— எல்லார்கிட்டயும் சொல்லட்டும். உன்கிட்ட ஏன் சொல்லணும்? நீ எழுந்திருக்கலன்னா சாயங்காலம் நான் வீட்டுக்குப் போய் எந்த சுவிட்சைப் போடறது? கெட்டில் எது, இஸ்திரிப்பெட்டி எதுன்னுகூட எனக்குத் தெரியாது.

— எல்லா சுவிட்சுக்கும் மேல எழுதித்தான் ஒட்டியிருக்கேன்.

— உன் கையெழுத்து எனக்குப் புரியாது.

— இவ்வளவு வருஷமா புரியாமலா இருந்தீங்க?

— புரியற மாதிரி நடிச்சேன்.

— இங்க வாங்க. கிட்ட வாங்க. உங்களைவிட எனக்கு அதிகமா பயமா இருக்கு.

— அப்ப போயிடலாம். ஐயோ, டாக்டரம்மா வர்றாங்க.

— அம்மா, தயாரா? அதாவது, ஒண்ணும் அவசரமில்ல. உள்ள மேசையைத் துடைச்சுக்கிட்டிருக்காங்க. ஐயா, உங்க சட்டை ஏன் அம்மா மேல இருக்கு?

— குளிருதுன்னா டாக்டர். அதான்.

— குளிரல டாக்டரம்மா. இவரு சொன்ன கதையில நடுங்கிட்டேன். ஜாடி பசியாக் கிடந்துச்சாம், இவர் வீட்டுல உக்காந்து சர்க்கரை தின்னாராம். லீவுல ஊட்டத் தண்ணி ஊத்த மறந்துட்டீங்களாம். நாக்கு மேல பல்லைப் போட்டு இவர் பேசறதைக் கேட்டு நானும் செருப்பு வரைக்கும் போயிட்டேன். நீங்களே சொல்லுங்க இவர்கிட்ட.

— யார் சொன்னது அது?

— இவருதான்.

— இல்ல, ஐயாவுக்கு யார் சொன்னாங்க?

— ஏன் டாக்டரம்மா, உங்க முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?

— அது வெளியில யாருக்கும் தெரியாது. அதாவது, எங்க கூடத்துலயே ரெண்டு மூணு பேருக்குத்தான் தெரியும். வருஷக் கடைசி லீவுல முறை மாத்திக்கிட்டதுல ஒரு குழப்பம். அவர் ஊத்துவார்னு இவரும், இவர் ஊத்துவார்னு அவரும் நினைச்சுட்டாங்க. நாங்க திரும்பி வந்தப்ப ரோஸ் கலர் தண்ணி மஞ்சளாயிருந்துச்சு. கொஞ்சம் செத்துப் போச்சு. மிச்சத்தைக் காப்பாத்திட்டோம். உங்களுக்கு வைக்கப் போற கூழ் புதுசா வளத்தது, அதுக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா... ஐயா, உங்களுக்கு யார் சொன்னாங்க?

— நெசமாவா டாக்டர்? ஊத்தலியா?

— நீங்கதானே ஐயா சொன்னீங்க?

— சொன்னேன். சொன்னதுக்காக அது நடந்திருக்கணுமா?

— ஏங்க. ஏங்க, உக்காருங்க. டாக்டரம்மா, இவருக்குத் தண்ணி குடுங்க.

— எனக்கு ஒண்ணுமில்ல. ஏம்மா, நீ எழுந்திரு. டாக்சி நிக்குது. இந்தத் தடவை நான் விளையாடல. நான் எதையும் கேள்விப்பட்டுச் சொல்லல, தானா வாயில வந்ததைத்தான் சொன்னேன். அது எப்படி வாயில வந்துச்சு? எழுந்திரு.

— சர்க்கரை தின்னீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.

— தின்னேன்.

— முழங்கால் இழுத்துச்சா?

— இழுத்துச்சு. அது மட்டும் நடந்தது. மத்ததெல்லாம் நான் தைச்சது.

— சரி.

— என்ன சரி? நீ ஏன் செருப்பைக் கழட்டறே?

— நான் போறேங்க.

— கேட்டதுக்கப்புறமுமா?

— கேட்டதுனாலதான். எனக்கு பயம் போகல, அது கூடித்தான் போயிருக்கு. ஆனா போன வருஷம் இந்தக் காலை வச்சுக்கிட்டு நீங்க ரெண்டு கைத்தடியில வீட்டுக்குள்ளயே தவழ்ந்தீங்க. இப்ப மொட்டை மாடி வரைக்கும் படியேறிப் போய்த் துணி உலர்த்தறீங்க. தடி ரெண்டும் கொடிக்கு முட்டுக் குடுத்து நிக்குது. கதையில நீங்க என்னென்னவோ சொல்லலாம், அந்தப் படிக்கட்டுல நீங்க ஏறறதை நான் என் கண்ணால பாத்தேன். அது எனக்குப் போதும். சர்க்கரைதானே கேக்குது? குடுத்துட்டுப் போறேன். டாக்டரம்மா, தள்ளுங்க.

— அம்மா, ஒரு நிமிஷம். நீங்க எதை நம்பி உள்ள வர்றீங்க? எங்களையா, எங்க படத்தையா?

— உங்க படம் எனக்கு ஒண்ணும் புரியல. இவர் முழங்காலை நம்பி வர்றேன். அதுல நீங்க வச்ச கூழை நம்பி வர்றேன். வேற எதையும் இல்ல.

— அப்ப உள்ள போறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லியாகணும். அதாவது, ஐயாவை இன்னிக்கு வரச் சொன்னதே அதுக்குத்தான். முதல் சுற்றுல எல்லாருக்கும் நாங்க கூழ் வைக்கல. பாதிப் பேருக்குத்தான். மிச்சப் பேருக்கும் கீறி, தையல் போட்டு, கட்டுக் கட்டி அனுப்பினோம். வித்தியாசம் தெரியணுமில்லையா, அதுக்காக. யாருக்கு எதுன்னு வச்ச எங்களுக்கே தெரியாது. சேரும்போதே ஐயாகிட்ட சொன்னோம்.

— எனக்கா? நான் கேட்டதா ஞாபகம் இல்லியே.

— நீங்க அப்ப எங்ககிட்ட, பஸ்ஸைப் பத்தி ஏதோ சொல்லிக்கிட்டிருந்தீங்க. யாருக்கு எதுன்னு இன்னிக்குக் காலைலதான் எங்களுக்குச் சொன்னாங்க.

— சொல்லுங்க டாக்டரம்மா. சீக்கிரம் சொல்லுங்க. இவருக்கு என்ன வச்சீங்க?

— ஐயாவோட முழங்கால்ல நாங்க வச்சது வெறும் உப்புத் தண்ணி, அம்மா.